ஏழாம் நம்பர் பாட்டில்

முழி சார் எங்களுக்குத் தர வேண்டியது பதினோராயிரத்து முந்நூற்று நாற்பது. ஜோடி பதினைந்து வீதம் எழுநூற்று ஐம்பத்தாறு ஜோடி மீன் கண்ணுக்கு. முன்பணமாக ஒரு காசு வாங்கவில்லை. "ஆராய்ச்சிப் பணம் மேலிடத்திலேர்ந்து வரணும், வந்ததும் மொத்தமா குடுத்துடுறேன்" என்றார். படித்த மனிதர், சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டிருக்கிறார், ஏமாற்ற மாட்டார் என்று நம்பினேன். பெல்ட்டுக்கும் நாணயத்துக்கும் சம்பந்தம் கிடையாது என்று புரிய எனக்கு ஒன்றரை வருஷம் பிடித்தது.

முழி சார் என்று பெயர் வைத்தவள் என் வீட்டுக்காரி. அவர் கொட்டகைக்குள் வந்தால் மீனின் முகத்தைத்தான் பார்ப்பார். தலையைத் தூக்கி, கண்ணைத் தன் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, பெண் பார்க்க வந்தவர் மாதிரி நிற்பார். ஆள் முகத்தை அவர் பார்த்து நான் பார்த்ததில்லை. ஒன்றரை வருஷத்தில் என்னை மூன்று தடவை வேறு யாரோ என்று நினைத்துப் பேசியிருக்கிறார்.

நானும் வீட்டுக்காரியும் மீன் வெட்டுகிற கொட்டகையில் பக்கத்துப் பக்கத்து மேஜை. காலை ஐந்தரைக்கு ஐஸ் உடைக்கிற சத்தத்தோடு வேலை தொடங்கும். செதிள், குடல், தலை. உடம்பு பெட்டிக்குப் போகும். தலைகள் மூடி போட்ட தொட்டிகளுக்குப் போகும், அங்கிருந்து கோழித் தீவனக்காரன் எடைபோட்டு எடுத்துப்போவான். ஆழத்தில் இழுத்த மீனின் தலைக்கு வெள்ளை மூடித் தொட்டி. மேலாகப் பிடித்த மீனின் தலைக்கு மஞ்சள் மூடித் தொட்டி. விலை வேறு, அதனால் மூடி வேறு. மதியம் இரண்டுக்கு வேலை முடிந்ததும் அரைமணி நேரம் நாங்கள் இரண்டு பேரும் தொட்டிப் பக்கம் குந்துவோம். காம்பு வளைத்த ஸ்பூனால் கண்ணைக் குழியிலிருந்து கிளப்பி, பின்னால் இருக்கும் நரம்பை வெட்டி, மருந்துத் தண்ணீர் பாட்டிலில் போட்டு, மீன் தினுசுக்கு ஒன்றாக நான் நம்பர் எழுதி ஒட்டுவேன். எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டதே நாற்பது தாண்டித்தான். ஆனாலும் என் ஏழு ஏழு மாதிரியே இருக்கும்.

அவர் முழுத் தலையாக வாங்கிப்போயிருந்தால் எந்த வம்பும் வந்திருக்காது. தலைக்கு எடைபோட்டுக் கையில் காசு வைக்க வேண்டும், மேஸ்திரி கடன் சொல்ல விடமாட்டார். கண்ணுக்கு எங்களிடம் கடன் சொல்லலாம். அவ்வளவுதான் அவருடைய விஞ்ஞானம்.

வாரம் ஒருநாள் வருவார். காலணி நனையக் கூடாதென்று காலிப் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்றுகொண்டு, கேட்காமலே பாடம் நடத்துவார். கூலி தராதவர்கள் எப்போதும் நிறையப் பேசுவார்கள்.

"கண்ணு எங்கேர்ந்து வந்ததுன்னு நினைக்கிறீங்க? மூளைலேர்ந்து" என்றார் ஒருநாள். "மீனுக்கு முப்பாட்டன் ஒண்ணு இருந்தது. புழு மாதிரி, உடம்பு கண்ணாடி மாதிரி. மூளைலயே ஒரு புள்ளி. வெளிச்சமா, இருட்டா, அது மட்டும்தான் அதுக்குத் தெரியும்."

"நம்ம மேஸ்திரிக்கு அதுவும் தெரியாது சார்" என்றாள் வீட்டுக்காரி, மீனைக் கிழித்துக்கொண்டே.

அவர் காதில் விழவில்லை. "அந்தப் புள்ளி ரெண்டா பிரிஞ்சு, மொட்டு மாதிரி வெளிய வந்து, கிண்ணம் மாதிரி குழிஞ்சது. வெளித்தோல் அந்த இடத்துல தடிச்சு உருண்டு மணி ஆச்சு. கண்ணுங்கிறது வெளிய எட்டிப் பார்க்கிற மூளை."

"எல்லாருக்கும் எட்டிப் பார்க்கலியே சார். சிலபேருக்கு உள்ளயே குந்தியிருக்கு போல."

இதற்கும் அவர் சிரிக்கவில்லை. தாடையே இல்லாத வழவழ மீன் ஒன்று உண்டாம், அதன் கண் இன்னும் தோலுக்கு அடியிலேயே மணி இல்லாமல் கிடக்கிறதாம். தாடையில்லாத இன்னொன்று, பிற மீனில் ஒட்டி ரத்தம் உறிஞ்சுவது, அதற்கு நம் மீனுக்கு உள்ளது போலவே முழுக் கண்ணாம். தண்ணீருக்குள் கண்ணின் வெளித்தோல் வெளிச்சத்தை வளைக்காதாம், அதனால் எல்லா வேலையும் அந்த மணி தலையில்தானாம். மணி கோலிக்குண்டு போல முழு உருண்டையாக இருப்பது அதனால்தானாம். கிட்டே பார்க்க, தூரப் பார்க்க, மணியையே முன்னும் பின்னும் நகர்த்துமாம். மீன் தின்கிறவன் எவனுக்கும் அந்த மணி தெரியும். வெந்ததும் வெள்ளைக் கல்லாகிப் பல்லில் இடறும், துப்புவோம். துப்புகிற பொருளுக்கு இத்தனை கோடி வருஷக் கதையா என்று நினைத்தேன்.

கதை நன்றாகத்தான் இருந்தது, அதை மறுக்கவில்லை. கடலில் இறங்க இறங்க முதலில் சிவப்பு வெளிச்சம் அணையும், பிறகு மஞ்சள், கடைசியில் நீலம் மட்டும் கொஞ்சம் மிஞ்சும் என்றார். மேல்கடல் மீனின் கண்ணுக்குள் நிறம் பார்க்கிற அணுக்கள் நான்கு தினுசுகூட இருக்குமாம், நமக்கு மூன்றுதானாம். ஆழத்துக்குப் போன மீன்கள் தலைமுறை தலைமுறையாக அதை விட்டுவிட்டன. இருட்டில் நிறம் எதற்கு?

"கண்ணு சும்மா வர்றதில்ல. உடம்புலயே அதிகமா தின்கிறது அதான். பிரயோஜனம் இல்லைன்னா உடம்பு தீனியை நிறுத்திடும். குகைத் தண்ணில வாழ்ற மீனுக்கு கண்ணே போயிடுச்சு."

"எங்க கொட்டகைலயும் அப்படித்தான் சார்" என்றேன். "பிரயோஜனம் இல்லைன்னா தீனி நிறுத்திடுவாங்க."

அதை நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. வீட்டுக்காரியின் இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. வலது கண்ணில் முற்றியே விட்டது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "உள்ள இருக்கிற மணி பழுத்து வெளுத்துப் போச்சு. எடுத்துட்டு வேற மணி வைக்கணும். இப்ப ஒரு கண்ணுக்குப் பண்ணிடலாம்" என்று பதினோராயிரம் சொன்னார். எனக்கு வெந்த மீன்தான் ஞாபகம் வந்தது. அவள் கட்டைவிரலை இரண்டு தடவை வெட்டிக்கொண்டு, இரண்டு தடவையும் கத்தி வழுக்கியது என்று சொல்லியிருந்தாள். மேஸ்திரி காலையில் மீனைக் கண் பார்த்துத்தான் எடுப்பார். கண் தெளிவாக இருந்தால் உள்ளே, பால் கட்டியிருந்தால் வெளியே. ஆளுக்கும் அவரிடம் வேறு சட்டம் கிடையாது. அவருக்குத் தெரிவதற்குள் பதினோராயிரம் வர வேண்டும், எங்களுக்கு வேறு வழி இல்லை.

ஒன்றரை வருஷமாகக் கண்ணைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் மனிதர் அவள் மேஜைக்கு நான்கடி தூரத்தில் பெட்டிமேல் நின்றார். அவள் மீன்தலையை மூக்கருகே தூக்கிப் பார்ப்பதும், தண்ணீர்க் குழாயைத் தடவித் தேடுவதும் அவர் முன்னால்தான் நடந்தது. ஒன்றும் கேட்டதில்லை.

அப்புறம் ஒருநாள் ஓடிவந்தார். நிஜமாகவே ஓடிவந்தார், காலணி நனைந்தது.

"ஏழாம் நம்பர்! போன மாசம் குடுத்த ஏழாம் நம்பர் பாட்டில்!"

ஏழு என்பது ஆழத்து மீன். நாங்கள் கறுப்பன் என்போம். வெள்ளை மூடித் தொட்டி. அவருக்கு நாங்கள் முதல் தடவையாகக் கொடுத்த ஏழு அது, பாட்டிலில் இருபது ஜோடி.

"அதுல நிறம் பார்க்கிற அணு அப்படியே நிரம்பியிருக்கு! நாலு தினுசும்! இருட்டுல வாழ்ற மீனு, வெளிச்சத்துக் கண்ணு! இப்பதான் ஆழத்துக்குக் குடிபோயிருக்கு, பழைய கண்ணை இன்னும் விடல. நடுப்படி! பதினோரு வருஷமா இந்தப் படியைத்தான் தேடிட்டிருக்கேன்."

"சந்தோஷம் சார். நம்ம பாக்கி..."

"இன்னும் பத்து ஜோடி ஏழாம் நம்பர் குடுங்க. கட்டுரை போயிடும். அன்னிக்கே மொத்தமும் தீர்த்துடுறேன்."

அந்தப் பத்து ஜோடியை நானே எடுத்தேன். பணம் கண்ணில் தெரிந்ததால் வேறு யாரையும் தொட விடவில்லை. கறுப்பன் தலைகளைப் பொறுக்கி, ஒரு கீறல் விழாமல் கிளப்பி, புது பாட்டிலில் கொடுத்தேன். அடுத்த வாரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தார்.

"இது அது இல்ல."

"அதேதான் சார்."

"இதுல நிற அணு ஒண்ணுகூட இல்ல. சாதாரண ஆழத்து மீனு. வேற எடுங்க."

வேறு எடுத்தேன். அதையும் திருப்பிக் கொண்டுவந்தார். இந்தத் தடவை குரலே மாறியிருந்தது.

"முதல்ல நல்லதைக் காட்டிட்டு இப்ப கண்டதையும் போட்டு ஏமாத்துறீங்களா? எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா?"

முப்பது வருஷம் மீன் வெட்டுகிறவனைப் பார்த்து, ஒரு மீன்கூடத் தன் கையால் பிடிக்காத மனிதர் கேட்கிறார். என் கையில் கத்தி இருந்தது. நல்லவேளை, மீனும் இருந்தது. மீனையே வெட்டினேன்.

"சரியான ஏழு வந்தா பணம். இல்லாட்டி யோசிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று வேலை முடிந்து தொட்டிப் பக்கம் உட்கார்ந்தபோது எனக்கு ஸ்பூனைத் தொடவே மனமில்லை. "நீ எடு" என்றேன்.

"எது, ஏழுதானே? வெள்ளை மூடி" என்றாள். எழுந்து போய் மஞ்சள் மூடியைத் திறந்தாள்.

ஒரு தலையை எடுத்தாள். அது சிவப்பன். கறுப்பனுக்கும் சிவப்பனுக்கும் தலை ஒரே வார்ப்பு, சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் மாதிரி. வளர்ந்த சிவப்பனின் கண்ணும் கறுப்பனின் கண்ணும் ஒரே அளவு. ரப்பர் கையுறை போட்ட விரலுக்கு இரண்டும் ஒன்று. நிறம் மட்டும்தான் வேறு. மருந்துத் தண்ணீரில் விழுந்துவிட்டால் அந்த வித்தியாசமும் கிடையாது, எல்லாக் கண்ணும் வெளுத்துவிடும்.

போன மாதம் ஒருநாள் லாரியில் ஐஸ் இறக்க ஆள் போதாமல் மேஸ்திரி என்னைக் கூப்பிட்டுக்கொண்டார். அன்று இருபது ஜோடியையும் எடுத்தவள் அவள் ஒருத்திதான். நான் வந்து, பார்க்காமல், ஏழு என்று எழுதி ஒட்டினேன்.

"அது என்ன மூடி?" என்று கேட்டேன்.

"வெள்ளை."

"மஞ்சள்."

கையிலிருந்த தலையைக் கீழே வைத்தாள். மூடியை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். ஜன்னல் பக்கம் திருப்பினாள். "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான்யா தெரியுது" என்றாள். "ரொம்ப நாளா வெள்ளைனு ஒண்ணே கண்ணுல படல. எல்லாம் பழைய துணி மாதிரிதான் இருக்கு." பிறகு சிரிக்கத் தொடங்கினாள். "அப்போ அந்த ஆளோட நடுப்படி?"

"நீதான்."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். பதினோரு வருஷம் தேடிக் கண்டுபிடித்த படி, என் வீட்டுக்காரி மாற்றித் திறந்த மூடி. அந்த மனிதர் மேல் அன்றைக்கு வந்த இளக்காரம் போல எனக்கு எவர் மேலும் வந்ததில்லை.

சிரித்து முடிந்ததும் ஸ்பூனை எடுத்தேன். மஞ்சள் மூடித் தொட்டியிலிருந்து பத்து சிவப்பன் தலையை வெளியே வைத்தேன்.

"என்ன பண்ற?"

"அவருக்கு வேண்டியதைக் குடுக்கப் போறேன். ஏழுன்னு எழுதி ஒட்டினா கண்ணுல ஒத்திப்பாரு. நாளைக்கே பணம், அடுத்த வாரம் உன் கண்ணு."

அவள் என் கையிலிருந்து ஸ்பூனைப் பிடுங்கினாள். முதல் தடவை பிடி கிடைக்கவில்லை, காற்றைத்தான் பிடித்தாள். அதற்கும் சேர்த்து எனக்குத் திட்டு விழுந்தது.

"யோவ், அன்னிக்கு நடந்தது தெரியாம. இது தெரிஞ்சு. என் கண்ணு பண்ண தப்ப மீன் தலையில கட்டுவியா?"

"அந்த ஆளு ஒரு முட்டாள்டீ."

"முட்டாள்தான். அவன் முட்டாளா இருக்கிறதுக்கு நான் ஏன்யா கூலி வாங்கணும்? நான் எடுத்த கண்ணுக்குக் கூலி வாங்குறேன்."

"சொன்னா தரமாட்டான். எல்லாத்தையும் மாத்திப் போட்டிருப்பீங்கன்னு மொத்தத்துக்கும் நாமம் போட்டுடுவான். மேஸ்திரி காதுக்கும் போகும்."

"மேஸ்திரி இல்லாத இடத்துல சொல்லுவோம். வாரலீவு அன்னிக்கு அவன் இடத்துக்கே போவோம்."

போனோம். மூன்றாவது மாடி. அந்த அறையில் சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்கக் கண். எல்லாப் பாட்டிலிலும் என் கையெழுத்து. என் எழுத்து அத்தனை வரிசையாக நிற்பதை அன்றுதான் பார்த்தேன். எல்லாக் கண்ணும் எங்களையே பார்ப்பது போலிருந்தது. அவர் மட்டும் பார்க்கவில்லை, மேஜைமேல் குனிந்திருந்தார்.

"கொண்டுவந்தீங்களா?" என்றார், நிமிராமல்.

"அந்தப் பழைய பாட்டில் விஷயமா ஒண்ணு சொல்லணும் சார்" என்றாள் அவள்.

"அதைப் பத்தி என்ன தெரியும் உங்களுக்கு? இங்க வாங்க, இதுல பாருங்க. அப்பதான் புரியும் நான் எதைக் கேட்கிறேன்னு." பெரிதாக்கிக் காட்டும் கருவியின் முன்னால் அவளை உட்காரவைத்தார்.

அவள் வலது கண்ணை வைத்தாள்.

"தெரியுதா? வரிசையா, சோளக்கதிர்ல முத்து பதிச்ச மாதிரி?"

"தெரியல சார்."

ஒரு திருகைத் திருப்பினார். "இப்போ?"

"புகையா இருக்கு."

இன்னொன்றைத் திருப்பினார். விளக்கை ஏற்றினார். கண்ணாடித் துண்டைத் துடைத்துத் திரும்ப வைத்தார். அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது. "இவ்வளவு தெளிவா இருக்கு, இதுகூடத் தெரியலைன்னா எப்படி? பார்க்கவே கத்துக்கல நீங்க."

"உங்க மிஷின் நல்லாத்தான் சார் இருக்கு" என்றாள், கண்ணை எடுக்காமலே. "என் கண்ணுதான் கெட்டுப் போச்சு. ரெண்டும் புரை. அந்த ஏழாம் நம்பரை எடுத்தவ நான்தான். எனக்கு வெள்ளை மூடியும் மஞ்சள் மூடியும் ஒண்ணு, கறுப்பனும் சிவப்பனும் ஒண்ணு. நீங்க பார்த்தது மேல்கடல் மீனு. இவரு குடுத்த ரெண்டு பாட்டிலும்தான் நிஜமான ஏழு. எனக்குக் கண்ணு மங்கின அப்புறம் நான் தனியா எடுத்தது அந்த ஒரு பாட்டில்தான். மத்ததெல்லாம் இவரு பக்கத்துல இருந்து பார்த்து எடுத்தது."

முழி சார் முதல் தடவையாக ஒரு மனுஷ முகத்தைப் பார்த்தார். குனிந்து, வலது பக்கம், இடது பக்கம், மீன்தலையைப் பார்க்கிற அதே மாதிரி.

"வெளுத்திருக்கே" என்றார். "எத்தனை நாளா?"

"நீங்க வர ஆரம்பிச்ச நாள்லேர்ந்து."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அலமாரியைத் திறந்து, கொட்டகையில் நான் கட்டிக் கொடுத்த சிவப்பன் ஒன்றின் பழைய பாட்டிலைத் தேடி எடுத்து, அதையும் ஏழையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். அதற்கு அரைமணி நேரம். எங்களை உட்காரச் சொல்லவில்லை. பிறகு ஒரு தடித்த நோட்டைத் திறந்து, தலைப்புக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்த ஒரு பக்கத்தை மேலிருந்து கீழே குறுக்காக அடித்தார். அடுத்த பக்கத்தையும் அடித்தார். ஆறு பக்கம். இதை நான் அவரிடம் எதிர்பார்க்கவில்லை. மறைத்துவிடச் சொல்லிக் கெஞ்சுவார் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு நிமிஷம் அவர்மேல் மரியாதை வரப் பார்த்தது.

அதற்குள் இழுப்பறையைத் திறந்தார். உள்ளே ஒரு கவர். மேலே 'கண் கூலி' என்றும் ஒரு தேதியும் எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டத் தெரியும், தேதியும் தெரியும். நான்கு மாதத்துக்கு முந்தைய தேதி. பணம் வந்து நான்கு மாதம் இழுப்பறையில் தூங்கியிருக்கிறது, தினம் அவர் முழங்காலுக்கு நேராக, நாங்கள் கொட்டகையில் பாக்கி கேட்டுக்கொண்டிருந்த நாளெல்லாம். அந்த நான்கு மாதத்தில்தான் அவள் இரண்டாவது தடவை விரலை வெட்டிக்கொண்டது.

நோட்டுகளை எண்ணினார். எண்ணி முடித்துவிட்டு மூன்று நூறை எடுத்துத் திரும்ப இழுப்பறையில் போட்டார்.

"அந்த இருபது ஜோடி தப்பான மீனு. அதுக்கு நான் கணக்குல காட்ட முடியாது."

எனக்கு உச்சந்தலைவரை ஏறியது. வாயைத் திறந்தேன். வீட்டுக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டாள், இந்தத் தடவை குறி தப்பவில்லை. ஒவ்வொரு நோட்டாக விரலால் ஓரம் தடவி எண்ணினாள். பதினோராயிரத்து நாற்பது. டாக்டருக்குப் பதினோராயிரம், பஸ்ஸுக்கு நாற்பது.

"சரியா இருக்கு சார். மேஸ்திரிகிட்ட மட்டும் என் கண்ணைப் பத்திச் சொல்லாதீங்க."

"நான் ஏன் அவர்கிட்டப் பேசப் போறேன்?" என்றார். அவர் சொன்னதிலேயே நான் முழுசாக நம்பியது அது ஒன்றுதான்.

ரசீதில் நான் கையெழுத்துப் போட்டேன். அவர் அதற்குள் நான் கொடுத்த நிஜமான ஏழில் ஒன்றை எடுத்துக் கருவியில் வைத்துவிட்டுக் குனிந்துவிட்டார். நாங்கள் கிளம்பியது அவருக்குத் தெரிந்திருக்காது.

படி இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் போனாள். நான் பின்னாலேயே பொருமிக்கொண்டு வந்தேன்.

"முந்நூறு! கடைசியில அந்த முந்நூறையும் விடலியே அந்த ஆளு."

"நான் விட்டுட்டேன்" என்றாள் அவள், அடுத்த படியைக் காலால் துழாவிக்கொண்டே. "அவரு கண்ணுக்கு மருந்து வாங்கிப் போட்டுக்கட்டும்."